காதுக்கு அச்சு எடுத்துச் செய்யும் இயர்போன்: 85,000 ரூபாய் போடலாமா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக

திருச்சிப் பக்கத்திலிருந்து 36 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறார். தேவைப்பட்டால் கோரஸும் பாடுவார். முகூர்த்த மாதங்களில் வாரத்துக்கு மூன்று நான்கு ரிசப்ஷன் கச்சேரி, ஒவ்வொன்றும் சுமார் மூன்று மணி நேரம். மேடையில் தன் வாசிப்பைக் கேட்க வைக்கும் மானிட்டர் பெட்டிக்குப் பதிலாக, ஏழாயிரம் ரூபாய்க்கு வாங்கிய சாதாரண இன்-இயர் (காதுத் துளைக்குள் செருகும் இயர்போன்) போட்டுக்கொள்கிறார். அதில் இடது பக்கம் பாட்டு நடுவிலேயே நழுவிவிடுகிறது. பாதிக் கச்சேரியை இடது காதைத் திறந்து வைத்துத்தான் வாசிக்கிறார். டிரம்ஸ் இருப்பதும் அவருக்கு இடது பக்கம்தான்.

காதுக்கு அச்சு எடுத்துச் செய்யும் கஸ்டம் இன்-இயர் வாங்கிவிடச் சொல்கிறார் ஒரு நண்பர். பன்னிரண்டு டிரைவர் (ஒலி எழுப்பும் குட்டி ஸ்பீக்கர்) உள்ள மாடல், 85,000 ரூபாய், மாதத் தவணையில் கட்டலாம். கஸ்டம் போட்டால் காது கெடாது, ஒரு தடவை வாங்கினால் ஆயுசுக்கும் போதும் என்பது நண்பரின் வாதம். மனைவிக்கு இதில் உடன்பாடில்லை. "டிவி சவுண்டையே இப்போ கூட்டிக் கூட்டி வைக்கிறீங்க, முதல்ல காதைக் காட்டுங்க" என்கிறாராம்.

வாசகர் கேட்பவை: இந்தச் செலவு நியாயமா? மூன்று வருடம் முன்பு நீச்சலுக்காக எடுத்த காது அச்சு வீட்டில் இருக்கிறது, அதையே கொடுக்கலாமா? சரிப்பட்டு வராவிட்டால் தம்பிக்குக் கொடுக்கவோ விற்கவோ முடியுமா?

கடைசியில் இன்னும் இரண்டு தகவல்கள். சிறு வயதில் இடது காதில் சீழ் வடிந்ததாம். செவிப்பறையில் ஓட்டை என்று டாக்டர் சொல்லி, பிறகு அதுவாகவே ஆறிவிட்டதாம். கச்சேரி முடிந்த இரவில் இடது காதில் "கீ" என்று ஒரு சத்தம் கேட்கிறது, காலையில் போய்விடுகிறது. "எங்கள் செட்டில் எல்லாருக்கும் இது இருக்கிறது, பெரிய விஷயமில்லை" என்று முடித்திருக்கிறார்.

செவித்திறன் நிபுணரின் பதில்

வணக்கம். உங்கள் கடிதத்தில் இயர்போனைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது, காது இரைச்சலைப் பற்றி ஒன்றரை வரிதான் இருக்கிறது. நான் அந்த ஒன்றரை வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். எதை வாங்குவது என்ற கேள்விக்கான பதிலும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

காலையில் போய்விடும் "கீ" சத்தம்

கச்சேரி முடிந்ததும் காது அடைத்தாற்போல் இருப்பது, இரவில் ரீங்காரம் கேட்பது, காலையில் சரியாகிவிடுவது: இதை உங்கள் செட்டில் எல்லாரும் அனுபவித்திருப்பார்கள் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் எல்லாருக்கும் இருப்பதால் அது சாதாரணமாகிவிடாது. உள்காதில் ஒலியை உணரும் மயிர்செல்கள் அளவுக்கு மீறி உழைத்துக் களைத்துப்போனதன் அடையாளம் அது. களைத்த செல்கள் ஓய்வில் தேறும். திரும்பத் திரும்ப அடி வாங்கினால் சில செல்கள் தேறாமல் இறந்துபோகும். ஒரு காதில் சுமார் பதினையாயிரம் மயிர்செல்கள்தான் இருக்கின்றன. மனிதக் காதில் அவை மறுபடி முளைப்பதில்லை. மாத்திரை, சொட்டு மருந்து, மூலிகை எண்ணெய் எதுவும் அவற்றைத் திருப்பித் தராது.

உங்கள் இரைச்சல் இடது காதில் மட்டும் இருக்கிறது. இடது காதைத் திறந்து வைக்கிறீர்கள், அந்தப் பக்கம் டிரம்ஸ் இருக்கிறது என்பதால் சத்தம்தான் காரணம் என்று ஊகிக்க இடமுண்டு. இருந்தாலும் ஒரு பக்கம் மட்டும் இரைச்சல் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். பழைய சீழ் விவகாரம் அதே காதில் இருப்பது ஒரு காரணம். அரிதாக நரம்பு சம்பந்தப்பட்ட கோளாறுகளும் ஒருபக்க இரைச்சலாகத்தான் தலைகாட்டும் என்பது இன்னொரு காரணம். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் அதை ஊகத்தில் முடிவு செய்யக் கூடாது.

டிவி சத்தத்தைப் பற்றி உங்கள் மனைவி சொன்னதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேட்கும் திறன் குறைவதை முதலில் கவனிப்பது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான். சத்தத்தால் வரும் பாதிப்பு முதலில் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான மேல் ஸ்தாயிப் பகுதியில்தான் விழும், குறிப்பாக 4000 ஹெர்ட்ஸை ஒட்டி. கீழ் ஸ்தாயி அப்படியே இருப்பதால் பேச்சு காதில் விழும், ஆனால் ச, ஸ, ஃப போன்ற ஓசைகள் மங்கும். "கேட்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று டிவி வால்யூமைக் கூட்டுவது இப்படித்தான் ஆரம்பிக்கும்.

ஆகவே முதல் செலவு ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறன் பரிசோதனை. 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் பார்ப்பார்கள். 3000, 6000 ஹெர்ட்ஸையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சில இடங்களில் அவசரத்தில் அவற்றை விட்டுவிடுவார்கள். வசதி இருந்தால், உள்காது தானே எழுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் ஓ.ஏ.ஈ. பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். மயிர்செல்கள் அடி வாங்கத் தொடங்கியதை ஆடியோகிராமுக்கு முன்பே அது காட்டிக்கொடுக்கலாம். முக்கியமான ஒன்று: கச்சேரிக்கு மறுநாள் காலையில் போய் உட்காராதீர்கள். குறைந்தது 14 மணி நேரம், முடிந்தால் இரண்டு நாள், காதுக்குச் சத்தமில்லாத ஓய்வு கொடுத்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் தற்காலிகக் களைப்பும் நிரந்தரப் பாதிப்பும் ஒரே கோட்டில் கலந்து தெரியும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே இதைச் செய்துகொள்ளலாம். தனியாரிடம் போனால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

கஸ்டம் போட்டால் காது கெடாது என்பது உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியை மட்டும் நம்பி நிறையப் பேர் காதைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

வேலையிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் வைத்திருக்கும் கணக்கு எளிமையானது. 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி நேரம், 94-க்கு ஒரு மணி நேரம், 100-க்கு வெறும் 15 நிமிடம். கல்யாண மண்டபத்தில், டிரம்ஸ் பக்கத்தில், மூன்று பக்கமும் சுவர் எதிரொலிக்கும் மேடையில் 100 டெசிபல் என்பது சர்வசாதாரணம். திறந்து கிடக்கும் உங்கள் இடது காது முதல் மூன்று பாட்டு முடிவதற்குள்ளேயே அன்றைய பங்கை வாங்கிவிடுகிறது.

இன்-இயர் என்ன செய்கிறது? காதை அடைத்து வெளிச்சத்தத்தைக் குறைக்கிறது. வெளிச்சத்தம் குறைந்தால் உங்கள் கீபோர்டையும் பாடகர் குரலையும் குறைந்த வால்யூமிலேயே தெளிவாகக் கேட்கலாம். குறைந்த வால்யூமில் கேட்க *முடியும்* என்பதுதான் அது தரும் வசதி. வால்யூமைக் குறைக்க வேண்டியது நீங்கள். மானிட்டர் பெட்டியிலிருந்து இன்-இயருக்கு மாறிய கலைஞர்கள் பலர், பழக்கத்தில், முன்பு கேட்ட அதே அளவுக்கே வால்யூமை ஏற்றிக்கொள்கிறார்கள். அப்போது அச்சு எடுத்த இயர்போன் 85,000 ரூபாய்க்கு அதே பாதிப்பைத்தான் தரும்.

ஒரு காதை மட்டும் கழற்றி வைக்கும் பழக்கம் அதைவிட மோசமானது. இரண்டு காதிலும் சேர்ந்து கேட்கும்போது அதே ஒலி மூளைக்குச் சற்று பலமாகத் தெரியும். ஒன்றைக் கழற்றினால் அந்தப் பலன் போய்விடுகிறது. திறந்த காதில் மேடைச் சத்தம் முழுசாக இறங்குகிறது, அதோடு போட்டி போட மூடிய காதில் வால்யூமைக் கூட்டுகிறீர்கள். இரண்டு காதுக்கும் நஷ்டம். நழுவுவதால்தான் கழற்றுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. ஆனால் பாடகர் சொல்வதும் மண்டபத்தில் கூப்பிடுவதும் கேட்கவில்லை என்பதற்காகவும் கழற்றினால், கஸ்டம் வாங்கிய பிறகும் கழற்றுவீர்கள். அதற்கு மருந்து வேறு: சவுண்ட் எஞ்சினியரிடம் சொல்லி, கூட்டத்தை நோக்கி ஒரு மைக் வைத்து அதைக் கொஞ்சமாக உங்கள் மிக்ஸில் சேர்க்கச் சொல்லுங்கள். குழுவுக்குள் பேசிக்கொள்ள இன்னொரு மைக் இருந்தால் இன்னும் நல்லது.

அடைக்கும் திறனில் கஸ்டத்தை மிஞ்ச எதுவும் இல்லை என்பதும் தவறான எண்ணம். தயாரிப்பாளர்கள் தரும் கணக்குப்படியே, கெட்டி அக்ரிலிக்கில் செய்த கஸ்டம் ஏறக்குறைய 26 டெசிபல் வரை வெளிச்சத்தத்தைக் குறைக்கும். நன்றாக உள்ளே போய் விரியும் ஃபோம் முனை போட்ட சாதாரண இன்-இயர்களுக்கு 35-க்கு மேல் சொல்பவர்கள் உண்டு. இரண்டுமே சோதனைக்கூடத்து எண்கள்தான், மேடையில் அவ்வளவு வராது. ஆனாலும் ஒன்று தெளிவு: கஸ்டத்தின் பெரிய பலம் அடைப்பதில் இல்லை. தலையை ஆட்டினாலும் பாடினாலும் வியர்த்தாலும் ஒரே மாதிரி உட்கார்ந்திருக்கும், மூன்று மணி நேரம் போட்டாலும் வலிக்காது. தினமும் மேடையில் நிற்பவருக்கு இது சின்ன விஷயமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இடது பக்கம் ஏன் நழுவுகிறது?

ஒருவருடைய இரண்டு காதுத் துளையும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. நிறையப் பேருக்கு இடதும் வலதும் வேறு வேறு அளவு முனை தேவைப்படும். பெட்டியோடு வந்த நடு அளவு முனையையே இரண்டு பக்கமும் மாட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அப்புறம், நீங்கள் பாடுகிறீர்கள். சுண்டுவிரல் நுனியைக் காதுத் துளையில் மெதுவாக வைத்துக்கொண்டு வாயை அகலத் திறந்து மூடுங்கள். துளையின் முன்சுவர் அசைவது விரலுக்குத் தெரியும். தாடை மூட்டு அதற்கு ஒட்டி முன்னால் இருக்கிறது. "ஆ" என்று வாய் திறக்கும்போதெல்லாம் துளையின் வடிவம் மாறுகிறது, முனை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுகிறது.

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். பேஸ் நன்றாக வரும் ஒரு பாட்டை மிதமான வால்யூமில் ஓடவிட்டு, இயர்போனை விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தியதும் பேஸ் சட்டென்று கூடினால், அதற்கு முன்வரை சரியாக அடைபடவில்லை என்று அர்த்தம். வாயை அகலத் திறந்தும் பாருங்கள்; பேஸ் மெலிந்தால் அங்கே கசிகிறது. கசிவு இருந்தால் முதலில் போவது பேஸ்தான். பேஸ் இல்லை என்று வால்யூமைக் கூட்டுவோம், "இந்த இயர்போனில் சவுண்ட் சரியில்லை, பெரிதாக வாங்க வேண்டும்" என்று முடிவு செய்வோம். கோளாறு பல நேரம் முனையில் மட்டும்தான் இருக்கும்.

நல்ல ஃபோம் முனை ஒரு ஜோடி வாங்குங்கள். விரல்களுக்கு நடுவில் உருட்டிச் சுருக்கி, எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே செலுத்தி, அரை நிமிடம் அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். மடலை இழுத்தால்தான் துளை நேராகும். ஒயரைக் காதுக்கு மேலே சுற்றிப் பின்னால் விடுங்கள். இவ்வளவுக்கும் ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஆகாது.

அதிலும் நிற்கவில்லை என்றால் நடுவழி ஒன்று இருக்கிறது, கடைக்காரர்கள் இதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இப்போது வைத்திருக்கும் அதே இயர்போனுக்கு, உங்கள் காது அச்சின்படி சிலிகான் முனை மட்டும் செய்து மாட்டிக்கொள்ளலாம். செலவு சில ஆயிரங்களோடு முடியும். நழுவுவது நிற்கும், வெளிச்சத்தம் குறையும். உங்கள் நிலைக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். நல்ல காது அச்சுக்கூடம் எதிலும் இதைச் செய்வார்கள்.

அச்சு எடுப்பது விளையாட்டில்லை

முனையாக இருந்தாலும் முழுக் கஸ்டமாக இருந்தாலும் அச்சு எடுத்தாக வேண்டும். உங்கள் இடது காதுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும்.

முதலில் ஓட்டோஸ்கோப் என்ற விளக்குக் கருவியில் காதுக்குள் பார்ப்பார்கள். குறும்பி அடைத்திருந்தால் எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு செய்ய வேண்டும். பிறகு நூல் கட்டிய சின்னப் பஞ்சு அல்லது ஃபோம் துண்டு ஒன்றை உள்ளே தள்ளுவார்கள். அச்சுப் பசை செவிப்பறையில் படாமல் தடுக்கும் தடுப்பு அது. இன்-இயருக்கான அச்சு, துளையின் இரண்டாவது வளைவைத் தாண்டிப் போக வேண்டும் என்பதால் இந்தத் தடுப்பும் ஆழமாகவே உட்காரும். கொஞ்சம் இருமல் வரலாம், கண்ணில் நீர் கசியலாம். அப்புறம் சிரிஞ்சில் சிலிகான் பசையை நிரப்பி உள்ளிருந்து வெளியே பொங்கி வரும்படி விடுவார்கள். ஐந்து நிமிடம் போல இறுகக் காத்திருக்க வேண்டும். பாடுபவர் என்பதால் உங்கள் பற்களுக்கு நடுவில் ஒரு கட்டையைக் கடிக்கக் கொடுத்து, வாய் திறந்த நிலையில் அச்சு எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் எடுத்தால், சும்மா உட்காரும்போது கச்சிதமாக இருக்கும், பாட ஆரம்பித்ததும் கசியும். அச்சு எடுப்பவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்: "மேடையில் பாடுவேன், வாய் திறந்து எடுங்கள்."

செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது, தடுப்பு சரியாக நிற்காமல், பசை நடுக்காதுக்குள் போய் இறுகி அறுவை சிகிச்சை செய்து எடுக்க வேண்டிவந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. "அதுவாகவே ஆறிவிட்டது" என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? சீழ் நின்றதும் ஓட்டை மூடிக்கொண்டது என்று வீட்டில் எடுத்துக்கொள்வது வழக்கம். இரண்டும் ஒன்றல்ல. மருத்துவர் பார்த்து, செவிப்பறை முழுசாக இருக்கிறது, அச்சு எடுக்கலாம் என்று சொன்ன பிறகே இடது காதை ஒருவர் கையில் கொடுங்கள். கூரியரில் வரும் பசையை வைத்து வீட்டிலேயே அச்சு எடுத்து அனுப்பும் முறையும் இருக்கிறது. உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம்.

நீச்சலுக்காக எடுத்த பழைய அச்சு பயன்படாது. மூன்று வருடத்தில் உடல் எடை கூடிக் குறைந்தாலே துளையின் வடிவம் மாறும். நீச்சல் அடைப்பானுக்கு அவ்வளவு ஆழம் தேவையில்லை, வாய் மூடிய நிலையிலேயே எடுத்திருப்பார்கள். பல தயாரிப்பாளர்கள் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட அச்சை வாங்கிக்கொள்வதே இல்லை.

பன்னிரண்டு டிரைவர் வேண்டுமா?

வேண்டாம். டிரைவர் எண்ணிக்கையை வைத்துத் தரத்தை அளக்க முடியாது. இந்த நுண்ணிய பேலன்ஸ்டு ஆர்மேச்சர் டிரைவர்கள் செவித்துணைக் கருவிகளிலிருந்து இந்தப் பக்கம் வந்தவை. ஒன்றிரண்டை வைத்தே அருமையாகச் செய்கிறார்கள், பன்னிரண்டை வைத்துக் குழப்புகிறவர்களும் உண்டு. 1995-ல் அமெரிக்காவின் வான் ஹேலன் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக, அவர்களோடு வேலை செய்த சவுண்ட் எஞ்சினியர் ஜெர்ரி ஹார்வி காது அச்சில் இன்-இயர் செய்து கொடுத்தார். அந்தத் தொழிலே அதிலிருந்துதான் பெரிதாக வளர்ந்தது. மேடை இரைச்சலுக்கு நடுவில் தன் குழு வாசிப்பது காதில் விழ வேண்டும் என்பதுதான் அதன் ஆரம்பத் தேவை, இன்றைக்கு உங்கள் தேவையும் அதுவே. கீபோர்டு, குரல், கிளிக் (தாளம் காட்டும் டிக் டிக் ஒலி) மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தால் போதும். நாலு டிரைவருக்குள் தெரியாத எதுவும் மண்டப மிக்ஸில் பன்னிரண்டிலும் தெரியப்போவதில்லை.

புது இயர்போன் எதை வாங்கினாலும் ஒரு எச்சரிக்கை. கஸ்டம் இன்-இயர்களில் பல மிகக் குறைந்த சக்தியிலேயே பலமாக ஒலிக்கக் கூடியவை. பழைய இயர்போனுக்கு வைத்திருந்த அதே அளவில் பெல்ட் பேக் (இயர்போனைச் செருகி இடுப்பில் மாட்டும் பெட்டி) குமிழ் இருந்தால், முதல் கிளிக்கே காதில் அறையும். முதல் தடவை போடும்போது குமிழைப் பூஜ்யத்தில் வைத்து மெதுவாக ஏற்றுங்கள். பெல்ட் பேக்கில் லிமிட்டர் (சத்தம் ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது) இருக்கிறதா, அணைந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள். மைக் ஊளையிடும்போதும் யாராவது ஜாக்கைப் பிடுங்கும்போதும் காதைக் காப்பது அதுதான்.

பணமும் பில்லும்

தம்பிக்குக் கொடுக்க முடியாது. அச்சு உங்கள் காதுக்கு மட்டும்தான் பொருந்தும். வெளிக்கூட்டை மட்டும் மாற்றி வேறு காதுக்குச் செய்து தரும் சேவை சில இடங்களில் உண்டு, அதற்கும் நல்ல தொகை ஆகும். விற்றாலும் போட்ட பணத்தில் சிறு பகுதிதான் தேறும். "ஆயுசுக்கும்" என்ற பேச்சையும் மறந்துவிடுங்கள். சில வருடங்களில் காது மாறும், பொருத்தம் தளரும், ஒயர் போகும். தினமும் மேடைக்குப் போகிறவர் இடையில் ஒருமுறை வெளிக்கூட்டை மாற்ற வேண்டி வரும் என்று கணக்கில் வைத்துக்கொள்வது நல்லது.

வாங்குவது என்று முடிவாகிவிட்டால், பணம் கட்டும் முன் இவற்றை எழுத்தில் வாங்குங்கள்: பொருத்தம் சரியில்லை என்றால் எத்தனை நாளுக்குள் இலவசமாகத் திருத்தித் தருவார்கள் (30 நாள் என்பது பரவலான வழக்கம்), அச்சு திரும்ப எடுக்க வேண்டி வந்தால் செலவு யாருடையது, உள்ளிருக்கும் டிரைவருக்கு எவ்வளவு காலம் வாரண்டி, பழுது பார்க்க இந்தியாவுக்குள்ளேயே இடம் உண்டா. ஆளுக்கென்று செய்த பொருள் என்பதால், "பிடிக்கவில்லை" என்று திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்க முடியாது. ஆனால் குறைபாடு இருந்தாலோ எழுதிக் கொடுத்தபடி திருத்தித் தராவிட்டாலோ, 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் கேட்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. பில் இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். வெளிநாட்டுத் தயாரிப்பாளரிடம் நேரடியாக வாங்கினால் காகிதத்தில் உரிமை இருந்தாலும் நடைமுறையில் பிடிப்பது கடினம். திருத்தத்துக்கு அனுப்பும்போது சுங்கமும் கூரியரும் வேறு சேரும். விலை கொஞ்சம் கூடினாலும் உள்ளூரில் அச்சு எடுத்து உள்ளூரிலேயே பொறுப்பேற்பவர் பரவாயில்லை.

மாதத் தவணை பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வருமானம் குறையும் தொழில் உங்களுடையது. தவணை அந்த மாதங்களிலும் வரும்.

நான் சொல்லும் வரிசை

இந்த மாதம் மருத்துவரைப் பார்த்து, ஆடியோகிராம் எடுங்கள். நடுவில் வரும் கச்சேரிகளுக்கு ஃபோம் முனையைச் சரியாகப் போட்டு, இரண்டு காதையும் மூடியே வாசியுங்கள். டிரம்ஸை உங்களுக்கு வலப்பக்கமோ கொஞ்சம் தள்ளியோ வைக்க முடியுமா என்று கேளுங்கள்; முடியாவிட்டால் நடுவில் ஒரு அக்ரிலிக் தடுப்பு. சவுண்ட் செக்கில் சும்மா நிற்கும் நேரத்துக்கு, எல்லா ஸ்தாயியையும் ஒரே சீராகக் குறைக்கும் இசைக்கலைஞர் காது அடைப்பான் ஒரு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். வால்யூமைக் கச்சேரி ஆரம்பத்தில் வைத்த இடத்திலேயே வைத்திருங்கள். பத்து பாட்டுக்குப் பிறகு "கேட்கவில்லை" என்று தோன்றினால் அது காது களைத்ததால்தான், அப்போது கூட்டக் கூடாது.

செவிப்பறை சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் அச்சு எடுத்துச் சிலிகான் முனை செய்துகொள்ளுங்கள். ஒரு முகூர்த்த சீசன் அதோடு ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் வலிக்கிறது, பாடும்போது கசிகிறது என்றால் கஸ்டம் உங்களுக்கு உண்மையிலேயே தேவை. அப்போது மூன்று நான்கு டிரைவர் உள்ளதை, இந்த 85,000-த்தில் பாதிக்குள் பாருங்கள். காதால் சம்பாதிக்கிற ஒருவர் அந்தத் தொகையைச் செலவழிப்பதில் எந்தத் தவறும் இல்லை, வீட்டிலும் தைரியமாகச் சொல்லலாம்.

ஒருவேளை செவிப்பறை ஓட்டை இன்னும் இருக்கிறது என்று தெரிந்தால், அச்சும் வேண்டாம், இடது காதை இறுக்கி அடைப்பதும் வேண்டாம். முதலில் அதற்கான சிகிச்சை. அதுவரை சிறிய மானிட்டர் பெட்டியைப் பக்கத்தில் வைத்து, குழுவின் மொத்தச் சத்தத்தையே குறைக்கப் பேச வேண்டியிருக்கும். கஷ்டமான பேச்சுதான், ஆனால் உங்கள் செட்டில் மற்றவர்களுக்கும் அதே "கீ" சத்தம் கேட்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் காதில் எண்ணெய் விடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். வியர்வை, எண்ணெய், மூன்று மணி நேரம் மூடிய துளை மூன்றும் சேர்ந்தால் நம் ஊர் வெக்கைக்குப் பூஞ்சை பிடிக்கும். கச்சேரி முடிந்ததும் முனையை உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். யாரோடும் மாற்றிப் போடாதீர்கள்.

என்றாவது காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால், தலைசுற்றலோடு இரைச்சல் வந்தால், அதைக் கச்சேரிக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.

ஆடியோகிராம் கைக்கு வந்ததும் அதன் படத்தை அனுப்புங்கள். 4000 ஹெர்ட்ஸில் இடது கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு, எவ்வளவு வால்யூமில் எவ்வளவு நேரம் வாசிக்கலாம் என்று உங்களுக்கே உரிய கணக்காகப் போட்டுத் தருகிறேன்.